லயம் எப்போது ஊராகும்?

ஓர் ஊர் எப்படிப் பிறக்கிறது? நாலு குடும்பங்கள் ஓர் ஆற்றங்கரையில் தங்கும். குளம் வெட்டும். காடு திருத்தும். எல்லையில் ஒரு சாமியை நடும். செத்தவர்களைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கும். இரண்டு தலைமுறை கழிந்தால் அந்த இடத்துக்கு ஒரு பெயர் நிலைத்துவிடும். நம்மில் பெரும்பாலோர் விட்டுவந்த ஊர்கள் அப்படிப் பிறந்தவைதாம்.

ஆனால் இந்த நாட்டில் வேறு விதமாகப் பிறந்த ஊர்களும் உண்டு. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டதால் பிறந்த ஊர்கள் அவை. அவற்றில் குடியிருக்கப் போகிறவர்களை யாரும் கேட்கவில்லை. எந்த மலையில், எந்தக் காட்டில், எந்த மொழி பேசும் மாநிலத்தில் குடிவைக்கப் போகிறோம் என்பதையும் முன்கூட்டி அவர்களுக்குச் சொல்லவில்லை. கேரள மாநிலம் பத்தனம்திட்டை மாவட்டத்தின் மலைக்காட்டில் இருக்கும் கவி என்ற சிறு குடியிருப்பு அத்தகையது. அதன் கதையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்றால், மும்பையிலும் பெங்களூரிலும் மூணாற்றிலும் கூலிக்கு உழைக்கும் நம் குடும்பங்களை எதிர்நோக்கும் அதே கேள்வி அங்கே ஒளிவுமறைவின்றி நிற்கிறது. உழைக்க மட்டும் உரிமை, நிலைக்க உரிமை இல்லை என்றால் ஒரு மனிதன் எந்த ஊர்க்காரன்?

கையெழுத்து போட்டது யார்? கப்பல் ஏறியது யார்?

கதை கவியில் தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைத் துரைமார் கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம் போட்டபோது தொடங்குகிறது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்களைக் கங்காணிகள் திரட்டிக் கொண்டுபோனார்கள். 1869இல் தொடங்கிய இலை நோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள், லயங்களில்.

லயம் என்றால் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். நீளமான ஒரே கூரை, வரிசையாகக் காம்பரா, முன்னால் ஒரு குறுகிய திண்ணை. காம்பரா கூலிக்குச் சொந்தமில்லை. பெயர் செக்ரோலில் இருக்கும் வரைதான் அது வீடு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. காகிதத்துக்கும் இந்த மக்களுக்கும் உள்ள பகை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் எண் 18 நிறைவேறியது. தகப்பன், பாட்டன் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? மறுவருடம் வாக்குரிமையும் பறிபோனது. நாட்டின் வருமானத்தைத் தன் முதுகில் சுமந்த ஒரு சமுதாயம் ஒரே வருடத்தில் நாடற்றதாயிற்று.

பிறகு பேரம் தொடங்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் புதுடில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாகம் பிரித்தார்கள். ஆடு மாடு பிரிக்கிற கணக்கு! தோட்டத் தொழிலாளரின் சங்கங்கள் இந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு தரப்பாக உட்காரவில்லை. இலங்கையில் பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் பாராத இலட்சக்கணக்கானோருக்குத் ‘தாயகம் திரும்புவோர்’ என்று பெயர் வைத்தார்கள்.

தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. இனக்கலவரம் மூண்டு 1984இல் அந்தக் கப்பல் நிற்கும் வரையில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். 1970களின் நடுவில் மலைநாட்டுத் தோட்டங்களில் நிலவிய பட்டினியும், 1977இன் கலவரமும், ‘போக வேண்டுமா’ என்று தயங்கியவர்களையும் கப்பலில் ஏற்றின. கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட்டும், இந்தியத் தூதரகம் கொடுத்த குடும்ப அட்டையும். அந்த அட்டையில் அவர்களுடைய தலையெழுத்து எழுதியிருந்தது: சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்குத் தோட்ட வேலை, சிலருக்கு நூற்பாலை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். இவர்கள் அகதிகள் அல்லர். 1983க்குப் பிறகு உயிர் தப்பி வந்த ஈழத்துச் சகோதரர்களின் நிலை வேறு, அவர்கள் துயரம் வேறு. தாயகம் திரும்பியவர்கள் இந்தியக் குடிமக்களாகப் பதிவு செய்யப்பட்டு, இந்தியப் பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். ஆயினும் இன்றுவரை ‘சிலோன்காரர்’, ‘அகதி’ என்ற பெயர்கள் அவர்களை விடவில்லை. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன்!

காட்டுக்கு ஆள் தேவைப்பட்டது

வந்தவர்களை எங்கே வைப்பது? மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டது. தமிழ்நாடு நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ என்று அழைக்கப்படும் கழகமாயிற்று. கர்நாடகம் தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் பகுதிகளில் ரப்பர் போட்டது. கேரளம் புனலூர் பக்கம் ஆயிரநல்லூர், குளத்துப்புழை என்ற இரு ரப்பர் தோட்டங்களை உண்டாக்கியது. அவற்றை நடத்த 1976இல் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனி ஒன்று அமைந்தது. கடல் கடந்து நிக்கோபாரின் கச்சால் தீவில்கூட ரப்பர் தோட்டம் போட்டுச் சில குடும்பங்களைக் குடியேற்றினார்கள். 2004 டிசம்பரில் சுனாமி அந்தத் தீவைச் சூறையாடியது.

கவி இந்த வரிசையில் பிறந்தது. கேரள வன வளர்ச்சிக் கழகம் 1975இல் அமைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிக் காட்டில், பெரியாற்றுச் சரணாலயத்தை ஒட்டி, 1970களின் பிற்பகுதியில் அது ஏலக்காய்த் தோட்டம் போட்டது. அதற்குத் தாயகம் திரும்பிய குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்தது.

இதை வெறும் இரக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கணக்கைப் பாருங்கள். மறுவாழ்வுக்குப் பணம் மத்திய அரசிலிருந்து வருகிறது. நிலம் காட்டு நிலம். மழையிலும் அட்டைக்கடியிலும் மலைச்சரிவில் நின்று வேலை செய்ய, தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பழகிய கைகள் தயாராக வருகின்றன. யானை நடமாடும் காட்டில் குடியிருந்து ஏலம் எடுக்க வேறு யார் வருவார்கள்? அரசுக்கு மறுவாழ்வு என்ற நல்ல பெயர், கழகத்துக்குத் தோட்டம், தொழிலாளிக்குத் தினக்கூலி. அந்த நேரத்தில் கூலியும் கூரையும் கிடைத்ததே என்று அந்தக் குடும்பங்கள் வந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. மண்டபத்தில் இறங்கிக் கடன் பணத்தைக் கரைத்துவிட்டுத் தெருவில் நின்ற குடும்பங்களோடு ஒப்பிட்டால், தோட்டத்துக்கு வந்தவர்கள் பசியில்லாமல் பிழைத்தார்கள். அரசு செய்ததில் நல்லதை நல்லது என்றே சொல்வோம்.

ஆனால் கொண்டுவந்து வைத்த இடம் எது? மறுபடியும் லயம்! வெள்ளைக்காரன் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கண்டிச் சீமையில் கண்டுபிடித்த அதே ஏற்பாட்டைச் சுதந்திர இந்தியா தன் சொந்தக் குடிமக்களுக்கு மறுவாழ்வு என்று கொடுத்தது. வேலை இருக்கும் வரை வீடு. வேலை போனால் வீடு போயிற்று. இதுதான் இந்தக் குடியிருப்புகளின் பிறவிக் குறை.

அது எத்தகைய இடம்?

கவி செல்ல இரண்டு வழி. வண்டிப்பெரியாற்றிலிருந்து வள்ளக்கடவு சோதனைச்சாவடி வழியாக 28 கிலோமீட்டர் காட்டுப்பாதை. இல்லையேல் பத்தனம்திட்டையிலிருந்து ஆங்ஙமூழி, மூழியாறு, காக்கி அணைகள் வழியாகப் பல மணிநேரப் பயணம். இரண்டு பக்கமும் காடு. பெரியாறு 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. நிர்வாகத்துக்குக் கவி பத்தனம்திட்டை மாவட்டம், சீதத்தோடு பஞ்சாயத்து. ஆனால் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மேல்படிப்புக்கும் கிட்டத்தில் இருப்பது இடுக்கி மாவட்டத்து வண்டிப்பெரியாறு. ஒரு மாவட்டத்தில் ஓட்டு, இன்னொரு மாவட்டத்தில் வயிற்றுப்பாடு. பிரசவ வலி கண்ட பெண்ணை ராத்திரியில் யானைக்காட்டு வழியே ஜீப்பில் கொண்டுபோக வேண்டிய ஊரில், ஆஸ்பத்திரி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பது வெறும் நிர்வாகப் பிரச்னை அல்ல.

அந்தக் காட்டுக்கு மூத்த குடிகள் மலைப்பண்டாரம் என்னும் ஆதிவாசிகள். தேனும் குங்கிலியமும் எடுத்து வாழ்பவர்கள். அவர்களுக்குரிய உரிமைக்குப் பிறகுதான் மற்றவர் உரிமை. தாயகம் திரும்பியவர்கள் கேட்பது அவர்கள் பங்கை அல்ல.

கவியின் பேச்சு தமிழ்தான். ஆனால் அதற்குள் மூன்று நாட்டின் சரித்திரம் கிடக்கிறது. ‘பிரட்டு’, ‘கொந்தரப்பு’, ‘செக்ரோல்’ என்று மலைநாட்டுத் தோட்டச் சொற்கள், பாட்டன் காலத்துச் சேலம் திருச்சிக் கிராமச் சொற்கள், பிள்ளைகள் பள்ளியில் பிடித்துவந்த மலையாளம். மாரியம்மனும் முனியாண்டியும் கண்டி மலைக்கு எப்படிக் கூட வந்தார்களோ அப்படியே இந்த மலைகளுக்கும் வந்தார்கள். எத்தனை தடவை வேரோடு பிடுங்கினாலும் நட்ட இடத்தில் ஒரு கல்லை வைத்து, மஞ்சள் பூசி, ‘இது எங்கள் இடம்’ என்று சொல்கிற மக்கள் இவர்கள். சொந்தம் கொண்டாடும் மனம் இருக்கிறது. சொந்தம் என்று எழுதிய தாள்தான் இல்லை.

பிறகு ஏலத்தோட்டத்தின் செல்வாக்கு குறைந்தது. காட்டைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கினார்கள். கழகமும் சூழல் சுற்றுலா நடத்தியது. 2012இல் ‘ஆர்டினரி’ என்ற மலையாளப் படம் கவிக்குப் போகும் அரசு பஸ்ஸை வைத்து வந்தது. அதன்பின் கூட்டம் பெருகியது. லயத்துப் பிள்ளைகள் சிலர் வழிகாட்டிகளாகவும், சமையல்காரராகவும், படகோட்டிகளாகவும் ஆனார்கள். இது நல்லதே. வாடகைக் காரில் வந்து மூடுபனியைப் படம் எடுத்துப் போகிறவர்கள் ‘என்ன அழகான ஊர்!’ என்று வியக்கிறார்கள். அந்த அழகான ஊரில் ஒரு சென்ட் நிலம்கூட அங்கே வாழ்கிறவன் பெயரில் இல்லை என்பது அவர்களுடைய படத்தில் விழாது.

சட்டத்தின் இரண்டு கண்கள்

‘காட்டு நிலத்துக்கு எப்படிப் பட்டா கொடுப்பது?’ என்று அதிகாரிகள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். புலிகள் காப்பகத்தின் நடுவே ஒரு ஊரை வளரவிட முடியாது என்பதிலும் நியாயம் இருக்கிறது. காடு அழிந்தால் நமக்கும் தண்ணீர் இல்லை. பெரியாற்றுத் தண்ணீரில்தான் தேனி, மதுரை, இராமநாதபுரம் வாழ்கின்றன. ஆனால் சட்டம் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்ததா?

1977 ஜனவரி முதல் தேதிக்கு முன்பு காட்டு நிலத்தில் குடியேறிப் பயிர் செய்தவர்களுக்கு உரிமை வழங்கக் கேரள அரசு 1993இல் தனி விதிகள் இயற்றியது. அவர்களும் உழைப்பாளிகள். பஞ்ச காலத்தில் மலையேறி மண்ணோடும் மலேரியாவோடும் போராடியவர்கள். அவர்களுக்குப் பட்டா கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. நாம் கேட்பது ஒன்றுதான். தானாக வந்து காட்டில் குடியேறியவனுக்கு உரிமை உண்டு. அரசே கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டில் குடிவைத்தவனுக்கு உரிமை இல்லை என்பது எந்த ஊர் நியாயம்? ‘நீ குடியேறவில்லை, வேலைக்கு வந்தாய்’ என்பது அவர்கள் பதில். மறுவாழ்வு என்று கோப்பில் எழுதிக் கூட்டி வந்துவிட்டு, கொடுக்கும்போது மட்டும் ‘வேலைக்காரன்’ என்பதா?

2006இல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். ஆனால் ஆதிவாசி அல்லாதவர் அதன் பயனைப் பெற, 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டில் வாழ்ந்ததைக் காட்டவேண்டும். கணக்குப் போட்டால் 1930. அந்த வருடம் இவர்களுடைய பாட்டன் எங்கே இருந்தான்? நுவரெலியாவிலோ அட்டனிலோ பதுளையிலோ கொழுந்துக் கூடையோடு நின்றான். மூன்று தலைமுறைக் கணக்கை இவர்களால் காட்ட முடியும்; ஆனால் அது மூன்று தலைமுறை லயத்துக் கணக்கு. அதற்கு எந்தச் சட்டத்திலும் மதிப்பெண் இல்லை.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்று விதித்தது. அந்நாளில் அது பெரிய வெற்றி. ஆனால் அந்த வீடு வேலைக்குப் பின்னால் கட்டிய வால். ஐம்பத்தெட்டு, அறுபது வயதில் ஓய்வு பெறுகிறவன் அந்தக் காம்பராவில் தொடர வேண்டுமானால் மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பேர் போடவேண்டும். படித்த பிள்ளையைக் கூட வீட்டுக்காகத் தோட்டத்தில் கட்டிப்போடும் கயிறு இது. பிள்ளை திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டால் தாய் தகப்பன் எங்கே போவார்கள்? வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்ற பேச்சைக் கேட்காத தோட்டத் தொழிலாளி எந்த மலையிலும் இல்லை.

இது கேரளத்தையோ கர்நாடகத்தையோ மட்டும் குறைசொல்லும் பேச்சல்ல. தமிழ்நாட்டு அரசுத் தேயிலைத் தோட்டத்திலும் இதே கதைதான். ஆளுகிறவன் பேசும் மொழி மாறினால் லயம் வீடாகிவிடாது என்பதற்குக் கூடலூரும் கோத்தகிரியும் சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 உயிர்கள் போயின. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். பல தலைமுறையாக அந்த மலையில் உழைத்தும் பாதுகாப்பான ஓரிடத்தில் சொந்தமாக ஒரு கூரை இல்லாததன் விலை அது.

1950இல் நீ எங்கே இருந்தாய்?

நிலத்தைவிட மோசமானது சாதிச் சான்றிதழ் விவகாரம். இது நம் வாசகர் குடும்பங்களில் பலரையும் நேரே சுடுகிற நெருப்பு.

மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட மக்கள். அரசியல் சட்டத்தின் 341ஆம் பிரிவின் கீழ் 1950இல் வந்த ஜனாதிபதி ஆணை, மாநிலத்துக்கு மாநிலம் தாழ்த்தப்பட்டோர் பட்டியலை வகுத்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் தீர்ப்பளித்தது. 2018இல் பீர்சிங் வழக்கிலும் இதே நிலையை உறுதி செய்தது. ஆகவே தாலுகா ஆபீசில் கேட்கப்படும் கேள்வி: ‘1950இல் உன் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததா?’

தாயகம் திரும்பியவன் என்ன பதில் சொல்வான்? 1950இல் அவன் கேரளத்தில் இல்லை. கர்நாடகத்தில் இல்லை. தமிழ்நாட்டிலும் இல்லை. அவனை நாடற்றவனாக்கிய நாட்டில் இருந்தான்! அவன் விருப்பப்பட்டு மாநிலம் மாறவில்லை. எந்த மாநிலம் என்பதை முடிவு செய்தது மத்திய அரசு. அந்த முடிவுக்காக அவன் பேரப்பிள்ளை காலேஜ் சீட்டையும் அரசு வேலையையும் இழக்கவேண்டுமா? சுள்ளியா, புத்தூர் தோட்டக் குடும்பங்கள் இந்தச் சான்றிதழுக்காகப் பல வருடங்களாகக் குரல் எழுப்பி வந்திருக்கின்றன. தீண்டாமை மட்டும் கப்பலேறிப் போய்க் கப்பலேறித் திரும்பி வந்தது. அதற்கு நிவாரணமாக வந்த உரிமையை மட்டும் கடலில் இறக்கிவிட்டார்கள்.

பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த நமக்கும் இதே சுவர்தான். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் வேலை தேடி வந்தோம். அவர்களை அரசு கொண்டுவந்தது. முதலில் அவர்களுடைய வழக்கை வென்றால் சுவரில் ஒரு கல் பெயரும்.

என்ன கேட்க வேண்டும்?

‘தமிழ்நாட்டுக்கே போய்விடலாமே’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அதைச் சொல்கிறவர்களில் தமிழர்களும் உண்டு என்பதுதான் வெட்கம். எந்தத் தமிழ்நாட்டுக்கு? நூறு வருடத்துக்கு முன் பாட்டன் விட்டுப்போன கிராமத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? கவியில் பிறந்த பிள்ளைக்குக் கவிதான் ஊர்.

வேறு சிலர், காட்டு நடுவிலேயே எல்லாருக்கும் பட்டா கேட்டுப் போராடலாம் என்கிறார்கள். அதுவும் யோசிக்க வேண்டியது. இளம் தலைமுறையில் பலர் காட்டைவிட்டு, பள்ளியும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வயதானவர்கள் தங்கள் கையால் நட்ட மரநிழலிலேயே கண்மூட விரும்புகிறார்கள். இருவர் விருப்பத்தையும் கேட்கவேண்டும். 1964இல் கேட்காமல் முடிவு செய்தார்கள். இந்தத் தடவையாவது கேட்டு முடிவு செய்யட்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

ஒன்று: மறுவாழ்வுத் திட்டத்தில் வந்து உழைத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலையோடு ஒட்டாத ஒரு வீடும் மனையும் வேண்டும். காட்டுக்கு வெளியே வர விரும்புவோருக்கு வண்டிப்பெரியாறு போன்ற இடங்களில் மனை. தங்க விரும்பும் முதியோருக்கு ஆயுள்வரை வெளியேற்றப்படாத உரிமை. நிலமற்றோருக்கென்று அரசு வீட்டுத்திட்டம் வைத்திருக்கும்போது, அரசே நிலமற்றவராக வைத்திருக்கும் மக்களை முதல் வரிசையில் நிறுத்துவதே முறை.

இரண்டு: 1964, 1974 ஒப்பந்தங்களின்கீழ் வந்தவர்களும் அவர்கள் சந்ததியும், குடியேற்றப்பட்ட மாநிலத்திலேயே தாழ்த்தப்பட்டோராகக் கருதப்படப் பாராளுமன்றம் வழிசெய்ய வேண்டும். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் 341ஆம் பிரிவின்படி பாராளுமன்றத்துக்கே உண்டு. மாநில அரசுகள் பரிந்துரை அனுப்பட்டும்.

மூன்று: தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்வதை அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களின் கடமையாக்கியிருக்கிறது. கேரளப் பள்ளிகளில் மலையாளம் கட்டாயம் என்று 2017இல் சட்டம் வந்தது. வாழும் மண்ணின் மொழியைப் படிப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அது நம் பிள்ளைகளுக்குப் பிழைப்பு. ஆனால் தமிழும் இருக்கவேண்டும்.

கோரிக்கை மட்டும் எழுதினால் காரியம் நடக்காது. 2015இல் மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் பெரிய சங்கங்களின் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். போனசும் கூலி உயர்வும் பேச்சுமேடைக்கு வந்தன. லயத்திலிருந்துதான் குரல் வரவேண்டும். வெளியிலிருப்பவர்கள் அந்தக் குரலுக்குத் தோள் கொடுக்கலாம்.

தோள் கொடுக்க நம்மால் உடனே முடிந்த ஒரு வேலை உண்டு. தாயகம் திரும்பிய குடும்பம் நம் தெருவில், நம் சேரியில், நம் சங்கக் கிளையில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களிடம் அந்தப் பழைய குடும்ப அட்டை, இலங்கையிலிருந்து கொண்டுவந்த இந்தியப் பாஸ்போர்ட், தோட்டத்தின் சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஏதேனும் பெட்டியின் அடியில் கிடக்கும். கறையானும் மழையும் தின்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்த மனுக்கொடுங்கள். துண்டுக் காலத்திலிருந்து காகிதம் நம்மை ஆண்டது. அந்தக் காகிதத்தை இனி நாம் ஆளவேண்டும்.

கவி சிறிய இடம். இந்திய வரைபடத்தில் தேடிப் பிடிக்கவேண்டிய புள்ளி. ஆனால் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட பொறுப்பு அந்தப் புள்ளியில் இன்னும் தீராமல் கிடக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒப்பந்தத்தில் ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று எழுதிய மக்களுக்குக் காலடி வைக்க நாலு சென்ட் மண்ணை ஒதுக்கிக் கொடுக்கும்போதுதான் அந்தக் கையெழுத்து நிறைவேறியதாக ஆகும். அதுவரை கேட்போம். சேர்ந்து கேட்போம்.